வலிப்பு வரும் பிள்ளைகளின் ஞாபகசக்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சிறப்பாசிரியர். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளைகள் பலருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர்களுடைய அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, வகுப்பாசிரியர் என எல்லோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மாத்திரையையும் அளவையும் முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் நரம்பியல் டாக்டர். அவரிடம் எதைக் கேட்பது, வீட்டில் எதைக் கவனிப்பது என்று தெரிந்துகொள்ள இந்தப் பக்கம் உதவும்.

1. "ஃபிட்ஸ் வந்தா மூளை நரம்பு செத்து ஞாபகமே போயிடும்னு சொல்றாங்களே, நிஜமா?"

ஓரிரு நிமிடத்தில் தானாக அடங்கிவிடும் வலிப்பால் பிள்ளையின் ஞாபகம் அழிந்துவிடாது. வலிப்பு நோய் இருந்தும் மறதி எதுவும் இல்லாமல் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் ஏராளம்.

பயப்பட வேண்டியது நீண்ட வலிப்புக்குத்தான். கை கால் வெட்டி இழுப்பது 5 நிமிடம் தாண்டினால் அது அவசரநிலை. 30 நிமிடம் வரை போனால் மூளையில் நிலையான பாதிப்பு ஏற்படலாம். அதனால் வலிப்பு தொடங்கியதும் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பிள்ளையை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்காது. அது நின்ற நேரமும் சாவி கொடுத்த நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

2. "சின்ன வயசுல காய்ச்சல்ல ஒரே ஒரு தடவை வந்தது. இப்ப மார்க் குறையறதுக்கு அதுதான் காரணமா?"

இல்லை. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் காய்ச்சலோடு வந்து, 15 நிமிடத்துக்குள் நின்றுபோன சாதாரணக் காய்ச்சல் வலிப்பு படிப்பைப் பாதிப்பதில்லை. பிரிட்டனில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பத்து வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். படிப்பிலும் நடத்தையிலும் மற்ற பிள்ளைகளைப் போலவே இருந்தார்கள். மார்க் குறைவதற்கு வேறு காரணத்தைத் தேடுங்கள்.

3. "எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் மறந்துடறான். ஞாபகசக்தியே இல்லையா அவனுக்கு?"

'மறந்துவிட்டான்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு பிரச்சினைகள் ஒளிந்திருக்கின்றன. பாடம் நடக்கும்போது கவனம் அங்கே இல்லாததால் விஷயம் உள்ளேயே போகாமல் இருந்திருக்கலாம். உள்ளே போயும் தங்காமல் கரைந்திருக்கலாம். தங்கியும், கேட்ட நேரத்தில் கைக்குக் கிடைக்காமல் இருக்கலாம். பரணில் ஏற்றவே இல்லாத பாத்திரத்தையும், ஏற்றி வைத்து எங்கே என்று தெரியாத பாத்திரத்தையும் ஒரே மாதிரி தேட முடியாது.

எது என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். நேற்றுப் படித்த கேள்வியைக் கேளுங்கள். பதில் வரவில்லையா? முதல் எழுத்தை எடுத்துக் கொடுங்கள், அல்லது மூன்று விடை சொல்லி எது சரி என்று கேளுங்கள். உடனே சரியாகச் சொன்னால் விஷயம் உள்ளே இருக்கிறது, எடுப்பதில்தான் சிக்கல். குறிப்பு கொடுத்தும் வெறுமையாக விழித்தால், அது போகவே இல்லை அல்லது தங்கவில்லை. படித்து முடித்த ஐந்தாவது நிமிடத்தில் கேட்டுப் பார்த்தால் அந்த இரண்டில் எது என்பதும் தெரிந்துவிடும். இதை ஒரு வாரம் செய்து குறித்துக்கொண்டு போனால், 'மறதியா இருக்கான் டாக்டர்' என்று மட்டும் சொல்வதைவிட அவருக்குப் பல மடங்கு உதவும்.

4. "கிளாஸ்ல முழிச்சுக்கிட்டே கனவு காண்றான்னு மிஸ் சொல்றாங்க. வீட்டுல கூப்பிட்டா சில நேரம் காது கேக்காத மாதிரி இருக்கான்."

இது வெறித்துப் பார்க்கும் வலிப்பாக இருக்கலாம். டாக்டர்கள் ஆப்சென்ஸ் என்பார்கள். பெரும்பாலும் நான்கிலிருந்து பத்து வயதுக்குள் தொடங்கும். பிள்ளை கீழே விழாது, கை கால் இழுக்காது. ஐந்து பத்து விநாடி கண் ஒரே இடத்தில் நிலைக்கும், இமை லேசாகத் துடிக்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு நாளில் பத்துப் பதினைந்து முறை, சிலருக்கு அதற்கும் மேல்கூட வரும்.

என்னிடம் வந்த ஒரு மூன்றாம் வகுப்புப் பையனின் டிக்டேஷன் நோட்டை நான் மறக்கவே மாட்டேன். 'மழை பெய்ததால் ஆற்றில் வெள்ளம் வந்தது' என்று சொன்னதற்கு 'மழை பெய்' என்று எழுதியிருந்தான். 'ய்' புள்ளியிலிருந்து பேனா ஒரு கோடாக இழுத்துக்கொண்டு கீழ் வரிக்குப் போயிருந்தது. அதற்குப் பிறகு 'வந்தது' மட்டும், அழகான கையெழுத்தில். நடுவில் இருந்த வார்த்தைகள் அவன் காதுக்கே போகவில்லை. அந்தப் பக்கத்தில் இப்படி நான்கு கோடுகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் 'கவனம் தேவை' என்று எழுதியிருந்தது.

3ஆம் கேள்வியில் சொன்ன முதல் வகை இது: மறதி இல்லை, பாடமே அறுந்து அறுந்து உள்ளே போகிறது. பிள்ளையை மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்லியோ, காகிதக் காற்றாடியை ஊதச் சொல்லியோ டாக்டர் தன் அறையிலேயே இதைக் கண்டுபிடித்துவிட முடியும். மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. சோதனை அதை உறுதிசெய்யும். நல்ல மருந்துகளும் உண்டு. 453 பிள்ளைகளை வைத்து 2010இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் எத்தோசக்ஸிமைடும் வால்ப்ரோயேட்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வேலை செய்தன. ஆனால் கவனச் சிக்கல் எத்தோசக்ஸிமைடு எடுத்தவர்களில் 33 சதவீதம் பேருக்கும் வால்ப்ரோயேட் எடுத்தவர்களில் 49 சதவீதம் பேருக்கும் இருந்தது. எந்த மருந்து என்பது படிப்புக்கும் சேர்த்துத்தான் முக்கியம் என்று இதனால்தான் சொல்கிறேன்.

5. "காலையில ஃபிட்ஸ் வந்தது. அன்னைக்கு நடத்தினது ஒண்ணுமே நினைவில்லைங்கறா."

அப்படித்தான் இருக்கும். வலிப்பு நடந்த நேரமும் அதற்குச் சற்று முன்னும் பின்னும் பதிவாகியே இருக்காது. வலிப்பு நின்ற பிறகும் மூளை தெளிவதற்குச் சில நிமிடம் முதல் சில மணி நேரம் ஆகும். சிலருக்கு ஓரிரு நாள்கூட மந்தமாக இருக்கும். அன்றைக்குத் தேர்வு வைக்காதீர்கள், 'சொல்லு பார்ப்போம்' என்று சோதிக்காதீர்கள். தூங்கட்டும். அன்றைய பாடத்தை நடக்காத பாடமாக எண்ணி மறுபடி நடத்த வேண்டியதுதான்.

6. "மூளையில ஞாபகத்துக்குன்னு தனியா இடம் இருக்கா? அங்க வலிப்பு வந்தா?"

இருக்கிறது. நெற்றிப்பொட்டுக்குப் பின்னால், காதை ஒட்டிய டெம்போரல் பகுதியின் உட்புறத்தில், பக்கத்துக்கு ஒன்றாக ஹிப்போகேம்பஸ் என்ற பாகம் உள்ளது. கடல்குதிரை போன்ற வடிவம், பெயரும் அந்தப் பொருளில் வைத்ததுதான். புதிதாகக் கேட்டதையும் பார்த்ததையும் நிலையான நினைவாக மாற்றும் வேலை இங்கே நடக்கிறது.

இதை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது ஒரு வலிப்பு நோயாளியிடமிருந்துதான். ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953இல், 27 வயதில், வலிப்பை நிறுத்துவதற்காக இரண்டு பக்க ஹிப்போகேம்பஸிலும் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008இல் இறக்கும் வரை புதிதாக நடந்த எதையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பிரெண்டா மில்னர் ஒன்றைக் கவனித்தார்: கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் மொலைசன் நாளுக்கு நாள் தேறினார், ஆனால் முந்தின நாள் வரைந்ததே அவருக்கு நினைவில்லை. கைப்பழக்கம் வேறு வழியாகப் பதிகிறது. மனப்பாடத்தில் திணறும் பிள்ளை சைக்கிளும் தபேலாவும் சட்டென்று கற்றுக்கொள்வதைப் பார்த்து 'இதுக்கு மட்டும் மூளை வேலை செய்யுதா?' என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

டெம்போரல் பகுதியில் தொடங்கும் வலிப்பில் வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவதுபோல் இருக்கிறது என்று பிள்ளை சொல்லலாம், வாயைச் சப்புக்கொட்டலாம், சட்டை நுனியைப் பிசையலாம். இடப்பக்கம் பாதித்தால் வார்த்தை சார்ந்த நினைவும், வலப்பக்கம் பாதித்தால் படம், முகம், இடம் சார்ந்த நினைவும் தடுமாறும் என்பது பெரியவர்களிடம் கண்டது. பிள்ளைகளிடம் அந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை.

7. "ராத்திரி கடகடன்னு ஒப்பிச்சா. நாலு நாள் கழிச்சுக் கேட்டா அப்படி ஒண்ணு படிச்சதே தெரியாதுங்கறா. வேணும்னே பண்றாளா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத நினைத்தேன். இதற்காக அடி வாங்கின பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வலிப்பு உள்ள சிலரிடம் துரித மறதி என்ற ஒன்று உண்டு. கற்கும்போது நன்றாகக் கற்பார்கள். அரைமணி கழித்துக் கேட்டாலும் எல்லோரையும் போலச் சொல்வார்கள். ஆனால் அடுத்த சில நாட்களில், சில வாரங்களில், மற்றவர்களைவிட மிக வேகமாக அது கரைந்துவிடும். பிள்ளைகளிடமும் இது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஆனால் வழக்கமான ஞாபகப் பரிசோதனைகள் அரைமணி நேரத்தோடு முடிந்துவிடுகின்றன. அதனால் அறிக்கையில் 'நார்மல்' என்று வரும், வீட்டிலோ 'நடிக்கிறாள்' என்ற பெயர் வரும். ஏழாம் வகுப்பு படித்த ஒரு பெண், வியாழக்கிழமை மனப்பாடப் பாடல் எட்டு வரியையும் என்னிடம் ஒரு பிழையில்லாமல் சொன்னாள். திங்கட்கிழமை முதல் இரண்டு வார்த்தையை நானே எடுத்துக் கொடுத்தேன். கண்ணில் நீர் முட்டியதே தவிர அடுத்த வார்த்தை வரவில்லை. அது நடிப்பில்லை.

இதற்கு நான் கண்ட வழி, ஒரே ராத்திரியில் இருபது தடவை படிக்க வைக்காமல் அந்த இருபதையும் நாட்களில் பரப்பிவிடுவது. மறுநாள் ஒரு தடவை, மூன்றாம் நாள் ஒரு தடவை, அந்த வாரக் கடைசியில் ஒன்று, அடுத்த வாரம் ஒன்று. ஒவ்வொரு முறையும் புத்தகத்தைக் காட்டுவதற்கு முன் கேள்வி கேளுங்கள். மனம் தானே தேடி எடுக்கிறபோதுதான் நன்றாகப் பதியும். வாசித்துக் காட்டுவதால் அவ்வளவு பதியாது.

8. "மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சதுலேர்ந்துதான் மந்தமாயிட்டான். மாத்திரைதானே காரணம்?"

சில மருந்துகளில் இது உண்மை. ஃபீனோபார்பிட்டோன் விலை குறைவு, வலிப்பையும் நிறுத்தும். ஆனால் காய்ச்சல் வலிப்பு வந்த 217 குழந்தைகளிடம் நடத்தி 1990இல் வெளியிட்ட ஆய்வில், அதை இரண்டு ஆண்டு கொடுக்க முடிவான குழந்தைகளின் சராசரி ஐ.க்யூ. மருந்தே கலக்காத வெற்று மருந்து பெற்ற குழுவைவிட 8 புள்ளிக்கு மேல் குறைந்திருந்தது. டோபிராமேட் எடுக்கும் பிள்ளைகள் சிலர் தெரிந்த சொல்லே வாயில் வராமல் தவிப்பார்கள். லெவெடிராசிட்டம் ஞாபகத்தை அவ்வளவாகத் தொடாது, ஆனால் சிலருக்கு எரிச்சலும் கோபமும் அதிகமாகும். எந்த மருந்தாக இருந்தாலும், அளவு கூடும்போதும் இரண்டு மூன்று மருந்து சேரும்போதும் மந்தம் கூடும்.

ஆனால் முதல் மாத்திரைக்கு முன்பே, சிலருக்கு முதல் வலிப்புக்கும் முன்பே, கவனத்திலும் படிப்பிலும் சிக்கல் இருந்ததைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வலிப்பையும் மறதியையும் மூளையில் உள்ள ஒரே காரணம் உண்டாக்கியிருக்கலாம். பழைய நோட்டுகளை எடுத்து மாத்திரை தொடங்கிய தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றம் அந்தத் தேதியையோ அளவு கூட்டிய தேதியையோ ஒட்டி வந்திருந்தால் அதை டாக்டரிடம் காட்டுங்கள்.

9. "அப்படின்னா பரீட்சை முடியற வரைக்கும் மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா?"

கூடாது. ஒரு நாள்கூட. திடீரென்று நிறுத்தினால் 1ஆம் கேள்வியில் சொன்ன நீண்ட வலிப்பு வரும் ஆபத்து அதிகம். மாற்றுவதானாலும் குறைப்பதானாலும் டாக்டர் சொல்லி, வாரக்கணக்கில் படிப்படியாகத்தான். தேர்வுக்கு முன் மாற்ற விரும்பினால் டிசம்பரில் பேசுங்கள், மார்ச்சில் அல்ல.

10. "தூக்கத்துல மட்டும்தான் வருது. பகல்ல நல்லாத்தான் இருக்கான். அப்ப படிப்புக்குப் பாதிப்பு இல்லைதானே?"

பெரும்பாலும் இல்லை. பள்ளி வயதில், தூங்கும்போது வாய் கோணி, எச்சில் வழிந்து, பேச முடியாமல் வரும் ஒரு வகை வலிப்பு மிகவும் சாதாரணம். பதினாறு வயதுக்குள் தானாகவே நின்றுவிடும். இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு வாசிப்பிலும் மொழியிலும் கவனத்திலும் சிறு தடுமாற்றம் இருக்கலாம், அதற்குத் தனியாக உதவினால் போதும்.

அரிதான இன்னொன்று உண்டு. அதில் வெளியே வலிப்பே தெரியாமல், தூக்கத்தில் மூளை மின்னோட்டம் ராத்திரி முழுக்கக் கலைந்துகொண்டே இருக்கும். பகலில் படித்ததை மூளை தூக்கத்தில்தான் அடுக்கி வைக்கிறது, அந்த அடுக்கலே நடக்காமல் போகிறது. நன்றாகப் பேசிய பிள்ளை பேச்சைக் குறைத்தாலோ, சொன்னது புரியாமல் விழித்தாலோ, தெரிந்த எழுத்துகளை இழந்தாலோ ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். விழித்திருக்கும்போது எடுக்கும் இ.இ.ஜி.யில் இதன் முழு அளவு தெரியாது. தூக்கத்தில் எடுக்கும் இ.இ.ஜி. வேண்டும் என்று நீங்களே கேளுங்கள்.

11. "விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிப் படிக்க வெச்சா மனசுல நிக்கும்னு அவங்க தாத்தா சொல்றார்."

தாத்தாவின் அக்கறை புரிகிறது. ஆனால் இந்தப் பிள்ளைக்கு அது இரட்டை நஷ்டம். தூக்கம் குறைந்தால் வலிப்பு தூண்டப்படும். மேலே சொன்ன அடுக்கும் வேலையும் பாதியில் நின்றுபோகும். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், அதற்கு மேல் பதினெட்டு வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும். ஒன்பது மணிக்கே தூங்கி ஆறரைக்கு எழட்டும். முக்கியமானதை இரவு சாப்பாட்டுக்கு முன் படித்துவிட்டுப் படுக்கட்டும்.

12. "வல்லாரை கொடுத்தா ஞாபகசக்தி கூடுமாமே? கடையில விக்கிற லேகியம்?"

வல்லாரைத் துவையலும் கீரையும் சாப்பாடாகக் கொடுங்கள், நல்ல கீரை. அதனால் இந்த மறதி போகும் என்று நம்பி மட்டும் இருக்காதீர்கள். லேகியம், சூரணம், சிரப் வேறு விஷயம். 'பிராமி' என்ற ஒரே பெயரில் வல்லாரையும் விற்கிறது, நீர்ப்பிரம்மி என்ற வேறொரு செடியும் விற்கிறது. உள்ளே எது எவ்வளவு என்று தெரியாது. வால்ப்ரோயேட் போன்ற மருந்து கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. அதோடு தெரியாத ஒன்றைச் சேர்க்கும் முன் டாக்டரிடம் பாட்டிலைக் காட்டுங்கள். கற்பூரம் மட்டும் எந்த வடிவிலும் வாய்க்குள் போகக் கூடாது, அதுவே வலிப்பை உண்டாக்கும்.

13. "ஐ.க்யூ. டெஸ்ட்ல நார்மல்னு வந்திருக்கு. பின்ன ஏன் மார்க் வரலை?"

ஐ.க்யூ. என்பது பல திறன்களின் மொத்தக் கணக்கு. மொத்தம் நன்றாக இருந்து, நினைவோ கவனமோ வேகமோ மட்டும் பள்ளமாக இருக்கலாம். ஞாபகம், மொழி, கவனம் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்கும் நரம்பியல் உளவியல் பரிசோதனை கேளுங்கள். அதிலும் 7ஆம் கேள்வியில் சொன்னது தப்பிவிடலாம், அதனால் ஒரு வாரம் கழித்து அதே கதையைக் கேட்டுப் பார்க்க முடியுமா என்று உளவியலாளரிடம் கேட்பதில் தவறில்லை.

பிள்ளையின் மனநிலையையும் பாருங்கள். 'கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் வந்துடுமோ' என்ற பயத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மனதில் கணக்குக்கு எவ்வளவு இடம் மிஞ்சும்?

14. "பத்தாம் வகுப்புப் பரீட்சையில கூடுதல் நேரம் கிடைக்குமா?"

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. வலிப்பு நோய் அதில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. ஆனால் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அறிவுசார் குறைபாடும் உள்ளன. பரிசோதனையில் அவை இருப்பது தெரிந்து சான்றிதழ் கிடைத்தால், கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் கைக்கு வர மாதங்கள் ஆகும். ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள்.

15. "ஸ்கூல்ல சொன்னா ஒதுக்கிடுவாங்க. சொல்லாம இருக்கலாமா?"

இந்தப் பயம் நியாயமானது, ஒதுக்கியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் வகுப்பாசிரியரிடமாவது சொல்லுங்கள். சொல்லாவிட்டால் 4ஆம் கேள்விப் பையனைப் போலச் சிவப்பு மைதான் மிஞ்சும். 'வலிப்பு இருக்கிறது' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கொடுங்கள்: வந்தால் எப்படி இருக்கும், அப்போது என்ன செய்ய வேண்டும், படிப்பில் எதில் உதவி வேண்டும். வீட்டுப்பாடத்தைப் பலகையில் எழுதிப் போடுவது, முன் வரிசையில் இடம் தருவது போன்றவற்றை மறுத்த ஆசிரியர்கள் குறைவு.

16. "ஆபரேஷன் பண்ணலாம்னு சொல்றாங்க. ஞாபகம் போயிடுமோன்னு தூக்கமே வரலை."

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காதபோதுதான் இந்தப் பேச்சு வரும். டெல்லி எய்ம்ஸில் 116 பிள்ளைகளிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைச் சிகிச்சை செய்தவர்களில் 77 சதவீதம் பேருக்கு ஓர் ஆண்டில் வலிப்பு இல்லை. மருந்தில் மட்டும் இருந்தவர்களில் அது 7 சதவீதம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995லிருந்து இந்தச் சிகிச்சை நடக்கிறது.

மொலைசனுக்குச் செய்ததுபோல் இரண்டு பக்கமும் இன்று எவரும் எடுப்பதில்லை. ஒரு பக்கம் எடுப்பதானாலும், எந்தப் பக்கம் பேச்சையும் நினைவையும் தாங்குகிறது என்று முன்பே சோதிக்கிறார்கள். எடுக்கப்போகும் பகுதி ஏற்கெனவே சுருங்கி வேலை செய்யாமல் இருந்தால் இழப்பு குறைவு. நன்றாக வேலை செய்யும் இடப்பக்கத்தை எடுத்தால் வார்த்தை நினைவு குறையும் வாய்ப்பு உண்டு. 'என் பிள்ளைக்கு இதில் எது?' என்று நேராகக் கேளுங்கள். சோதனை முடிவைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். வலிப்பு தொடர்ந்து வருவதும் நினைவைத் தேய்க்கும் என்பதையும் தராசின் மறுதட்டில் வைத்துப் பாருங்கள்.

17. "மிஸ், நான் முட்டாளா?"

இதைக் கேட்டது 7ஆம் கேள்வியில் சொன்ன அந்தப் பெண். அம்மா தண்ணீர் பிடிக்க வெளியே போன நேரத்தில் கேட்டாள்.

பிள்ளையிடம் மறைக்காதீர்கள். எட்டு வயதுக்கே புரியும்படி சொல்லலாம். நான் அவளிடம் சொன்னது இதுதான்: "நீ படிக்கிறது நல்லாத்தான் உள்ள போகுது. மத்தவங்களுக்கு ஒரு மாசம் இருக்கறது உனக்கு நாலு நாள்தான் இருக்கும். அதனால நாலு நாள் ஆகறதுக்குள்ள நாம அதைப் போய்ப் பார்த்துட்டு வரணும்." ஒரு சின்ன நோட்டில் படித்த தேதியையும் திரும்பப் பார்க்க வேண்டிய தேதிகளையும் அவளே எழுத ஆரம்பித்தாள். மாத்திரை போட்டதற்கும் அதிலேயே ஒரு டிக். இரண்டு மாதம் கழித்து அவள் அம்மா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் சமையலில் இருந்தபோது இவள் நோட்டோடு வந்து நின்று, "அம்மா, வியாழக்கிழமை படிச்சதை இப்பக் கேளு, நாளைக்குன்னா போயிடும்" என்றாளாம்.